பனிக்குண்டின் இயந்திர மாடுகள்

சதுப்புக்குள் நடந்துகொண்டிருந்த இயந்திரம் நொண்டியது.

ஒச்சம்மாள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். இடது பின்னங்காலை லேசாக இழுத்து, ஒரு கணம் தயங்கி, அப்புறம் அழுத்தி ஊன்றும் நடை. அடுத்த இயந்திரத்தைப் பார்த்தாள். அதுவும் நொண்டியது. அதற்கடுத்ததும் அப்படியே. ஏரிக்கரை நெடுக, சாம்பல் நிற உடம்பும் கறுப்பு ரப்பர் குளம்புமாக நாற்பது இயந்திரங்கள், நாற்பதும் ஒரே காலை இழுத்துக்கொண்டு சேற்றை மிதித்துத் திரிந்தன.

"இது எங்க மாடு செம்போத்தி நடை," என்றாள். "ஏ தாயி, ஒன்னத்தான் கேக்குறேன். யாரக் கேட்டு எடுத்தீங்க?"

பக்கத்தில் நின்ற டாக்டர் ஜெனோவா தவளை ஆராய்ச்சி செய்பவள், நாகர்கோவில்காரி. காலையில் ஜீப் எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கி, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி இங்கே கூட்டிவந்தது அவள்தான்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, தேயிலைத் தோட்டமெல்லாம் முடிந்த பிறகும் ஏறிக்கொண்டே போனால் பனிக்குண்டு வரும். ஏரி என்று பெயர். பாதி தண்ணீர், பாதி சதுப்பு. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வெள்ளைக்காரன் அதில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் கரையெல்லாம் வாட்டில் மரத்தை நட்டார்கள், சதுப்பை வெட்டி வாய்க்கால் இழுத்து கேரட் போட்டார்கள். இதையெல்லாம் சரிசெய்ய உயர்மலை ஈரநில மீட்பு ஆணையம் என்று ஒன்று வந்தது. மீனைப் பிடித்து ஒழித்தது, வாட்டிலைப் பிடுங்கியது, வாய்க்காலை அடைத்தது. அத்தனையும் நல்ல காரியம், யாரும் குறை சொல்லவில்லை. ஒச்சம்மாளே கூலி வாங்காமல் வாட்டில் கன்று பிடுங்கியிருக்கிறாள். வறண்டு கிடந்த பள்ளத்தில் தண்ணீர் திரும்பி ஊறியபோது அவள் வீட்டுக்காரர் தவசி கரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அதன் பிறகுதான் ஆணையம் சோதனைச் சாவடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியது. ஒழிக்கப்பட வேண்டிய அந்நிய உயிர்கள்: முதலாவது ட்ரவுட் மீன், இரண்டாவது வாட்டில் மரம், மூன்றாவது மாடு.

மலைமாடு அந்நியமாம். அந்த மலையில் கிடைபோட்டு மாடு மேய்த்தவர்களின் பாட்டன் பூட்டன் எலும்பெல்லாம் அங்கேதான் மண்ணாகியிருக்கிறது. அதைச் சொன்னால் ஆதாரம் கொண்டா என்றார்கள். எலும்பைத் தோண்டியா காட்ட முடியும்? ஒரே வாரத்தில் மந்தை பூராவும் லாரி ஏறிக் கேரளாவுக்குப் போயிற்று. முன்னோடி மாடான செம்போத்தி ஏற மாட்டேன் என்று நின்றாள். கம்பிக் கயிறு கட்டி இழுத்தார்கள். மாட்டுக்காரர்களுக்குக் கம்பம் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட காலனி கிடைத்தது. தவசி இன்று வாழைக்காய் கிட்டங்கியில் வாட்ச்மேன்.

"மாட்ட லாரில ஏத்துறதுக்கு முந்தின வருஷம் கழுத்துல பட்டை கட்டுனோமே அக்கா," என்று ஜெனோவா மெதுவாக ஆரம்பித்தாள். "அதுல ஒவ்வொரு அடியும் பதிவாகும். எங்க மிதிச்சுது, எவ்வளவு அழுத்தி மிதிச்சுது, பக்கத்துல என்ன சத்தம் கேட்டுது, எல்லாமே."

"தெரியும். நீதான் கட்டுன. மாடு சதுப்ப எம்புட்டு நாசம் பண்ணுதுன்னு பாக்கணும்னு சொல்லித்தான கட்டுன? ஒனக்கு மோர் குடுத்தேன்."

"ஆமாக்கா."

"அது எங்கள வெரட்டுறதுக்கு. இது எதுக்கு?"

ஜெனோவா சதுப்பைக் காட்டினாள். அங்கே ஒரு தவளை உண்டு. கல்லுடைப்பது போல டக் டக் என்று கத்துவதால் மாட்டுக்காரர்கள் அதைக் கல்லொடச்சான் என்பார்கள். பனிக்குண்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை மீட்பும். மீன் போனது, மாடு போனது, தண்ணீர் வந்தது, தவளை மட்டும் குறைந்துகொண்டே போனது. மூன்றாவது வருஷம்தான் விஷயம் புரிந்தது. கல்லொடச்சான் ஏரியில் முட்டையிடாது. சேற்றில் மாடு மிதித்த குளம்புக் குழியில் தேங்கும் தண்ணீரில்தான் இடும். மாடு போனதும் கோரை மண்டி, குழியெல்லாம் மூடிப்போயிற்று.

"அப்ப மாட்டக் கூப்புட்டிருக்கணும்," என்றாள் ஒச்சம்மாள்.

"நான் அதத்தான் எழுதினேன். அறிவிப்ப திரும்ப வாங்க முடியாதுன்னுட்டாங்க. அதான் இயந்திரம். உங்க மந்தையோட பதிவ வச்சு நடக்கக் கத்துக்கிச்சு. செம்போத்தி இழுத்து மிதிச்ச குழிலதான் தண்ணி அதிக நாள் நின்னுருக்கு. அதனால எல்லாமே அவ நடையப் பிடிச்சுக்கிச்சு."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"அவ பொறவியிலயே நொண்டியா? காவல்காரன் ஜீப்ப விட்டு வெரட்டுனான், வாய்க்கால்ல விழுந்து கால் பிசகுச்சு. அடிச்சு ஒடிச்சது நீங்க. அது நல்லாருக்குன்னு நாப்பதுக்கும் ஒடிச்சு வச்சிருக்கீங்க."

ஜெனோவா அவளைக் கரைமேட்டுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே திட்ட இயக்குநர் சடகோபன் எழுந்து கும்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர். இந்த மாதிரி மனிதர்களிடம்தான் ஒச்சம்மாளுக்குப் பயமே.

"ஒரு சின்ன சிக்கல்மா. நம்ம உபகரணங்கள் சேத்துல இறங்குது, குழி போடுது, எல்லாம் அருமையா பண்ணுது. வெளிய வரத்தான் மாட்டேங்குது."

"ஏன் வரும்? நான் கூப்புடலயே."

சடகோபன் ஜெனோவாவைப் பார்த்தார். இத்தனை மாதம் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை இவள் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். மூடுபனி இறங்கியதும் தவளை முட்டையிட வரும். அதற்குள் மாட்டைச் சதுப்பிலிருந்து ஏற்றிவிடுவது வழக்கம். ஏற்றுவது ஒச்சம்மாளின் குரல். மாடு அந்தக் குரலுக்குத்தான் ஏறும், எனவே மாட்டிடம் படித்த இயந்திரமும் அந்தக் குரலுக்காக நின்றது. பட்டையில் பதிவான பழைய குரலில் காற்றின் இரைச்சல்தான் மிகுதி. அதற்கு ஒன்றும் அசையவில்லை.

"அந்தப் புத்திய மட்டும் வெட்டி எடுக்க முடியாதா?" என்றாள் ஒச்சம்மாள்.

"முடியாதுக்கா," என்றாள் ஜெனோவா. "பிசைஞ்ச மாவுலேர்ந்து உப்பத் தனியா எடுக்குற மாதிரி. சதுப்புக்குள்ளயே சுவிட்ச அணைச்சுப் போட்டா புதைஞ்சுரும். கிரேன் வச்சு இழுத்தா மிச்சம் இருக்குற முட்டையும் போச்சு."

"அதனால," என்று சடகோபன் ஒரு மைக்கை மேஜையில் வைத்தார், "நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் கூப்பிட்டுக் காட்டினா போதும். நாங்க பதிவு பண்ணிக்கிறோம். கௌரவிக்கவும் ஏற்பாடு பண்ணியிருக்கேன். பொன்னாடை, கேடயம்."

"மாட்ட விடுங்க சார். நெசமான மாட்ட. நானே வந்து தெனம் கூப்புடுறேன்."

"சட்டம் இடம் கொடுக்காதும்மா. மாடு இங்க அந்நிய உயிரினம்."

"அப்ப அது?" வெளியே நொண்டிக்கொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டினாள்.

"அது உபகரணம்."

"உபகரணத்துக்கு என் கொரல் எதுக்கு சார்? சாவி போட்டு ஓட்டுங்க!" அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "மாடு வேணாம், மாட்டு நட வேணும். ஆளு வேணாம், ஆளு கொரல் வேணும். எங்கள உரிச்சுத் தோல மட்டும் எடுத்துக்குவீங்களோ? கேடயமாம்ல. கொண்டுபோயி ஒங்க வீட்டுல வைங்க."

தேநீரைக் குடிக்காமல் வெளியே வந்தாள். நேராக ஜீப்பில் ஏறிக் கீழே போய்விடுவது என்றுதான் நினைத்தாள். போயிருப்பாள். ஆனால் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

சதுப்பின் ஓரத்தில் ஒரு கல்லொடச்சான் கத்தியது. டக், டக். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முன்பெல்லாம் இந்த நேரத்தில் மலையே குவாரி மாதிரி இரைச்சலாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இப்போது எண்ணிவிடலாம் போல இருந்தது. காலடியில் ஒரு குளம்புக் குழியில் ஜவ்வரிசி மாதிரி முட்டைத் திரள் மிதந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் ஒன்று நொண்டியபடி வந்து, அந்தக் குழியிலேயே காலை வைத்து அழுத்திவிட்டுப் போயிற்று.

"அடேய்!" என்று கத்தினாள். அதற்கு என்ன தெரியும்? அது போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் மற்றவையும் சுற்றிச் சுற்றி வந்து, தாங்கள் போட்ட குழியைத் தாங்களே மிதித்துத் துவைத்தன.

ஒச்சம்மாளால் பொறுக்க முடியவில்லை. மனிதர்கள்மேல் இருக்கிற கோபத்தைத் தவளைமேலா காட்டுவது? கரைமேட்டுப் பாறையில் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஹோ...ஓ...ஓய்! வா...ஆ...ஆ! செம்போத்தீ... வா...ஆ!"

நாற்பதும் நின்றன. நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்பியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, காலை இழுத்து இழுத்து, சேற்றிலிருந்து ஏறி அவளைக் கடந்து, அவற்றை நிறுத்திவைக்கும் கொட்டகைப் பக்கம் போயின. கழுத்தைத் தடவிக் கொடுக்க அவள் கை தானாக நீண்டது; பட்டது குளிர்ந்த பிளாஸ்டிக். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பின்னால் கைதட்டல் கேட்டது. சடகோபன்.

"அற்புதம்மா! பதிவாயிருச்சு. ஒவ்வொண்ணுக்கும் காது இருக்கே, நாற்பது பக்கத்துலேர்ந்தும் சுத்தமா விழுந்துருக்கு. இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஜீப் இறக்கி விட்டுரும்." மனம் நிறைந்துபோய் மேலும் சொன்னார், "பதினோரு ஏரிக்கு இதே உபகரணம் போகப்போகுது. உங்க குரல் எல்லா மலையிலயும் கேக்கும், பாருங்க!"

அவர் அதை வாழ்த்தாகத்தான் சொன்னார். பதிவு செய்யலாமா என்று ஒச்சம்மாளிடம் கேட்கக்கூட இல்லை. திருடுகிறோம் என்று தெரியாமலே திருடுகிறவனிடம் என்ன பேச? கொட்டகைக்கு முன்னால் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அவை நின்றது கெட்டித் தரை. சதுப்பு தள்ளி இருந்தது. அவள் அதை ஒரு தரம் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பிறகு இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து வைத்து ஒரே ஒரு சீழ்க்கை அடித்தாள்.

நாற்பதும் பாய்ந்தன. அந்த நொண்டிக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகம் ஓடும் என்று செய்தவர்களுக்கே தெரியாது. ஒன்று கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒன்று சோலைக்குள் புகுந்தது. மற்றவை பாறை இடுக்கிலும் ஓடைச் சரிவிலும் மூங்கில் புதரிலும் இறங்கி, ஆளுக்கொரு திக்காக மறைந்தன. சடகோபன் வாயைப் பிளந்தபடி நின்றார்.

"என்னம்மா இது?"

"காவல்காரன் மாட்டப் புடிக்க வந்தா இப்பிடித்தான் அடிப்போம். எங்க மாட்டப் படிச்சதுகதான? அதுவும் படிச்சிருக்கும்னு நெனச்சேன். படிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு இயந்திரமும் எங்கே நிற்கிறது என்று ஆணையத்தின் திரை துல்லியமாகக் காட்டியது. போய் எடுத்துவரத்தான் வழியில்லை. ஒவ்வொன்றும் ஒரு காரின் எடை. நின்ற இடமோ ஆடு இறங்கவும் யோசிக்கும் பள்ளம். ஒலிபெருக்கி கட்டி ஒச்சம்மாளின் குரலைக் காலையும் மாலையும் போட்டார்கள். ஹோ ஓய், வா, செம்போத்தி வா என்று மலை முழுக்க எதிரொலித்தது. எதுவும் அசையவில்லை.

காரணத்தை ஜெனோவாதான் பழைய பதிவுகளில் தேடிப் பிடித்தாள். காலனிக்கு வந்து ஒச்சம்மாளிடமே சரிபார்த்துக்கொண்டாள்.

"செதறுன பெறகு மனுசக் கொரல நம்பாதுக தாயி," என்றாள் ஒச்சம்மாள், கொடியில் துணி போட்டபடியே. "காவல்காரன் எங்கள மாதிரியே கத்திக் கத்திப் புடிச்சு, பட்டில அடைச்சான். அதனால பழக்கிட்டோம். ஒரு மாடு வந்து கத்தணும், அதோட காலடியும் தரையில அதிரணும். அப்பத்தான் நம்பி வெளிய வரும். மாடு காதால மட்டுமா கேக்கும்? கொளம்பாலயும் கேக்கும்."

"ஸ்பீக்கருக்குக் கால் கிடையாதே," என்றாள் ஜெனோவா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒச்சம்மாள் சிரிக்கவில்லை.

"முட்டை என்னாச்சு?"

"பொரிஞ்சிருச்சுக்கா. மிதிக்க ஆள் இல்லயே. தலைப்பிரட்டை நெளியுது. ஆனா அடுத்த வருஷத்துக்குக் குழி வேணும்."

"அது ஒங்க பாடு."

சடகோபன் விடவில்லை. தனி உத்தரவு வாங்கி, கம்பத்திலிருந்து ஒரு ஜெர்சிப் பசுவை லாரியில் ஏற்றினார். மீட்கப்பட்ட ஈரநிலத்துக்குள் ஆணையமே மாட்டை ஏற்றிக்கொண்டு போனதை மாட்டுக்காரர்கள் சாவடியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெர்சி அந்தச் சரிவில் நாலடி வைத்து, குளிர் தாங்காமல் படுத்துவிட்டது. தீவனம் கேட்டு அடித்தொண்டையில் ஒரு கத்துக் கத்தியது. எந்த இயந்திரமும் அதைச் சட்டை செய்யவில்லை. அவை படித்தது மலைமாட்டிடம்.

கடைசியில் அவரே திராட்சைத் தோட்டத்துக்கு வந்தார். பொன்னாடை எதுவும் கொண்டுவரவில்லை.

"ஒரே ஒரு மலைமாடும்மா. ஒரே ஒரு நாளைக்கு. உத்தரவு வாங்கிட்டேன்."

"மாடு நான் பாத்துத்தான் கொண்டாருவேன்," என்றாள் ஒச்சம்மாள்.

அவள் அண்ணன் மொக்கராசுவிடம் வருசநாட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் மாடு இருந்தது. அவள் போய்க் கிடையைச் சுற்றிச் சுற்றி வந்து, பார்த்துப் பார்த்து ஒன்றைப் பிடித்தாள். ஆணையத்தின் லாரி, ஆணையத்தின் டீசல். சாவடியில் காவலர் எழுந்து நின்று தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். அந்தக் கம்பத்தில்தான் ஒரு காலத்தில் அவள் கன்றுகளைப் பிடித்துக் கட்டிவைத்து அபராதம் கேட்டார்கள். அவள் அதைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

ஏரிக்கரையில் இறக்கிவிட்டதும் மாடு தரையை முகர்ந்தது, நாலு எட்டு நடந்தது, தலையைத் தூக்கி ஒரு கத்துக் கத்தியது. சோலைக்குள் கிளை முறிந்தது. ஓடையிலிருந்து ஒரு சாம்பல் தலை எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றாக, உடம்பெல்லாம் பாசியும் முள்ளுமாக, இயந்திரங்கள் வெளியே வந்து மாட்டைச் சுற்றி நின்றன. பொறியாளர்கள் ஓடிப்போய் ஒவ்வொன்றின் சுவிட்சையும் அணைத்தார்கள்.

சடகோபனுக்குப் போன உயிர் திரும்பியது. "ரொம்ப நன்றிம்மா. மாட்ட லாரில ஏத்திருங்க, பனிக்கு முன்னாடி இறங்கிரலாம்."

ஒச்சம்மாள் கையில் வெறும் கயிறு இருந்தது.

"அவுத்துட்டேன் சார். மலைமாடு, வேத்தாளு கிட்ட வந்தா குத்தும். ஏத்தத் தெரிஞ்சவங்க ஏத்துங்க."

இரண்டு காவலர்கள் கயிற்றோடு போனார்கள். மாடு கொம்பைத் தாழ்த்தியது. அவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். மாடு நிதானமாகச் சதுப்புக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று, மண்டிக் கிடந்த கோரையைத் தின்ன ஆரம்பித்தது.

"அக்கா," என்றாள் ஜெனோவா தாழ்ந்த குரலில், "அது சினையா இருக்கா?"

"நெறமாசம்."

"ஒரு மாடுன்னுதானே சொன்னோம்!" என்று சடகோபன் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"ஒண்ணுதான் சார் கொண்டாந்தேன். லாரிக்காரரக் கேளுங்க."

அவள் முகத்தில் வென்ற களை எதுவும் இல்லை. மந்தை மந்தையாக ஏற்றிப்போன லாரிகளுக்கு இந்த ஒரு மாடு ஈடாகுமா? தவசியின் சிரிப்பை யார் திருப்பித் தருவார்கள்? கோபம் அப்படியே கங்காக உள்ளே கிடந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரைமேட்டில் மூன்று கல் பொறுக்கிப் போட்டாள். முன்பு பிடுங்கிப் போட்டிருந்த வாட்டில் சுள்ளியை ஒடித்து வந்து இடையில் அடுக்கினாள்.

"இங்க தீ மூட்டக் கூடாதும்மா," என்றார் சடகோபன். "இது மீட்கப்பட்ட பகுதி. ராத்திரி யாரும் தங்கவும் கூடாது."

ஒச்சம்மாள் தலை நிமிரவில்லை.

"தீப்பெட்டி இருக்கா தாயி?" என்று ஜெனோவாவிடம் கேட்டாள்.

ஜெனோவா இயக்குநரைப் பார்த்தாள், சதுப்பில் நின்ற மாட்டைப் பார்த்தாள். பிறகு ஜீப்புக்குப் போய், டிரைவரின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி வந்து கொடுத்தாள்.